சான்றிதழும் சான்றாண்மையும்

நீண்ட விடுமுறைக்குப் பின் பள்ளி நூலகத்தின் கதவைத் திறக்கும் ஆசிரியர் எவரும் அந்த வாடையை அறிவர். அடைபட்ட அறையில் தேங்கிய காற்று முதலில் முகத்தில் மோதும். அலமாரியிலிருந்து எடுத்த நூலின் அட்டையில், சாம்பல் தூவினாற்போல் ஒரு மெல்லிய படலம் தெரியும். கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டு நூலை மீண்டும் அடுக்கி வைப்பர். அடுத்த விடுமுறையில் அதே அட்டையில் அதே படலம் வந்து நிற்கும். துடைத்தவர் பூஞ்சணத்தைக் கண்டார். அதை வளர்த்த ஈரத்தைக் காணவில்லை. அந்த ஈரத்தைக் காணப் பழக்குவதற்கென்றே இன்று ஒரு தனிக்கல்வி உள்ளது. அதற்குப் பயிற்சியும் தேர்வும் சான்றிதழும் உண்டு.

உள்ளறைக் காற்றை அளந்தறிய வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. மக்கள் கூடியிருக்கும் அறையில் கரியமிலவாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்று ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் பெட்டன்கோஃபர் 1858ஆம் ஆண்டிலேயே கூறினார். அந்த அளவில் அவ்வாயு நஞ்சாகிவிடும் என்பது அவர் கருத்தன்று. அது மிகுந்திருந்தால் அறையினுள் புதுக்காற்று போதிய அளவு வரவில்லை என்பதே பொருள். மலேசியாவின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட உள்ளறைக் காற்றுத் தர விதித்தொகுப்பும், பத்து இலட்சத்தில் 1,000 பங்கு என அதே அளவையே வரம்பாகக் கொண்டது. ஒரு கனமீட்டர் காற்றில் பூஞ்சணக் கூட்டங்களுக்கு 1,000, பாக்டீரியக் கூட்டங்களுக்கு 500 என்றும், காற்றின் ஈரப்பதத்துக்கு 40 முதல் 70 விழுக்காடு என்றும் அது எல்லை வகுத்தது. இவற்றை அளந்து அறிக்கை தரும் மதிப்பீட்டாளர் என்னும் பணிக்கும் அதில் இடம் உண்டாயிற்று.

அத்தகைய பயிற்சியில் ஓர் இளைஞன் சேர்ந்தான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பயின்றவன். அவன் தந்தை ரப்பர் தாள்களைப் புகையில் உலர்த்தும் கூடத்தில் பல்லாண்டு உழைத்தவர். முதல் நாள் வகுப்பில் பயிற்றுநர், "பூஞ்சணம் வளர எவை வேண்டும்?" என்று வினவினார். "அழுக்கு" என்றார் ஒருவர். "இருட்டு" என்றார் மற்றொருவர். இளைஞனுக்குத் தந்தையின் கூடம் நினைவுக்கு வந்தது. சரியாக உலராத தாளைக் கட்டி வைத்தால் அதில் பூஞ்சணம் படியும். தரம் பிரிப்பவர் அதைக் கீழ்த்தரத்தில் தள்ளிவிடுவார். துடைத்துக் கொடுத்தால் மீண்டும் படியும். மறுபடி உலர்த்துவது ஒன்றே வழி. "ஈரம், ஐயா" என்றான் அவன்.

"அதுதான் விடை, தம்பி" என்றார் பயிற்றுநர். "பூஞ்சணத்தின் வித்துகள் இல்லாத காற்று உலகில் எங்குமில்லை. அதற்கு உணவாகும் தாளும் மரமும் தூசும் எல்லா வீட்டிலும் உள்ளன. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். நனைந்த பொருளை இருபத்து நான்கு முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்திற்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் அது வளராது."

பின்னர் நம் தட்பவெப்பத்திற்கே உரிய பாடம் ஒன்று வந்தது. குளிர்நாடுகளில் வீட்டினுள் எழும் நீராவி குளிர்ந்த வெளிச்சுவரில் பட்டு நீராகிறது. நம் நாட்டிலோ அது தலைகீழ். வெளியே 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட காற்று, ஏறக்குறைய 26 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே நீர் துளிர்க்கும். குளிரூட்டியால் 20 பாகை வரை குளிர்விக்கப்பட்ட அறையின் சுவர் மழையே இல்லாமல் நனைவதற்கு இதுவே காரணம். சுவரின் மேல் வினைல் தாளும் ஒட்டியிருந்தால், நீர் வெளியேற வழியின்றி அதன் பின்னே தங்கும். முன்புறம் அழகாக இருக்கும். பின்புறம் கறுத்துப் போயிருக்கும்.

துப்புரவுப் பணிக்கும் முறை கற்பிக்கப்பட்டது. மருந்து தெளித்துக் கொன்றுவிட்டால் போதாது. இறந்த வித்தும் ஒவ்வாமையைத் தூண்டும் ஆதலின் அதை அகற்றியே ஆக வேண்டும். ஊறிப்போன பலகையைத் துடைத்துப் பயனில்லை. வெட்டி எடுக்க வேண்டும். வெட்டும்போது வித்துகள் பிற அறைகளுக்குப் பரவாதபடி இடத்தை மூடிக் கட்ட வேண்டும். பணியாளர் அணியும் என்95 கவசம் முகத்தோடு இடைவெளியின்றிப் படிய வேண்டும். தைப்பூச நேர்த்திக்காகத் தாடி வளர்த்திருந்த ஒருவருக்குக் கவசம் பொருந்தவில்லை. "இன்று நீங்கள் உள்ளே செல்ல வேண்டாம். முடி இறக்கிய பின் வாருங்கள்" என்றார் பயிற்றுநர். யாருக்காகவும் முறை தளர்த்தப்படவில்லை.

இளைஞன் தேர்வில் தேறினான், சான்றிதழும் பெற்றான். மெய்யான தேர்வு அதன் பிறகே வந்தது.

ஓர் அலுவலகத்தில் ஊழியர் சிலர் இருமலால் அவதியுற்றனர். காற்றை அளந்து அறிக்கை தருமாறு அவனை அழைத்தனர். அவன் சென்றபோது அறையெங்கும் புதுச்சாயத்தின் வாடை வீசியது. சன்னல்கள் விரியத் திறந்து கிடந்தன. கருவிகள் காட்டிய எண்கள் யாவும் வரம்புக்குள் இருந்தன. சேகரித்த காற்றுமாதிரிகளில் வளர்ந்த பூஞ்சணக் கூட்டங்களும் 1,000ஐ எட்டவில்லை. எனினும் கோப்பு அலமாரியின் பின்புறச் சுவரில் ஈரமானியை வைத்தபோது முள் உச்சிக்கு ஏறியது. அண்ணாந்து பார்த்தான். கூரைக்குள் சென்ற குளிர்நீர்க் குழாயின் காப்புறை கிழிந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"எண்களெல்லாம் சரியாக உள்ளன அல்லவா, தம்பி? அவற்றை மட்டும் எழுதுங்கள்" என்றார் மேலாளர். சற்றுப் பொறுத்து, "இல்லையென்றால் துப்புரவுப் பணியையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வேலையாகவே எழுதிவிடலாம்" என்றும் சொன்னார்.

குறைத்து எழுதினால் ஒரு நன்மை. கூட்டி எழுதினால் மற்றொரு நன்மை. இரண்டும் அவனுக்குத்தான்; இருமுகின்றவர்களுக்கு அன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2003ஆம் ஆண்டில் இத்தொழிலுக்கு உரிமச் சட்டம் இயற்றியபோது, ஒரே பணித்திட்டத்தில் ஆய்பவரே அகற்றுபவராகவும் இருக்கலாகாது என்று விதித்தது இதனால்தான். வினாத்தாள் திருத்துபவரே தனிப்பாடம் விற்கத் தொடங்கினால் மதிப்பெண் என்னவாகும் என்பதை ஆசிரியர்களுக்கு விளக்கவும் வேண்டுமோ?

"ஐயா, பூஞ்சணத்துக்குப் பாதுகாப்பான எண்ணிக்கை இதுவென்று உலகச் சுகாதார நிறுவனமே 2009ஆம் ஆண்டு வழிகாட்டியில் வகுக்கவில்லை. ஈரத்தைத் தடுப்பதையே அது வலியுறுத்தியது. சில நிமிடம் எடுத்த காற்று, அந்தச் சில நிமிடத்தை மட்டுமே சொல்லும். சுவர் சொல்வதையும் நான் எழுத வேண்டும்" என்றான் இளைஞன்.

வெளியேறும்போது எழுத்தர் பெண்மணி ஒருவர் அவனை நிறுத்தினார். "தம்பி, என் இருமலுக்கு இந்தச் சுவர்தான் காரணமா?"

ஆம் என்று சொல்லிவிட அவன் நா எழுந்தது. ஆயினும் அது அவன் கற்ற கல்வியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. "அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அக்கா. சுவர் நனைந்திருப்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அதை எழுதித் தருகிறேன், மருத்துவரிடம் காட்டுங்கள்" என்றான்.

அறிக்கையில் குழாயையும் சுவரையும் பற்றி எழுதினான். புதுச்சாயத்தையும் திறந்த சன்னல்களையும் குறிப்பிட மறக்கவில்லை. இரண்டு திங்களுக்குப் பின் அந்தச் சுவரைப் பெயர்த்தனர். பலகையின் பின்புறம் அடிமுதல் முடிவரை கறுத்திருந்தது. குழாய்க்குப் புதுக்காப்பு இட்டனர். ஆனால் அவனை அந்த அலுவலகம் மீண்டும் அழைக்கவில்லை.

வள்ளுவர் மருந்துக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். நோயை அறிவதோடு அமையாது, அது தோன்றிய இடத்தையும் தேடுமாறு பணித்தார். தேடும் முறையைப் பயிற்சி தரும். தேடத் தெரியும் என்பதற்குச் சான்றிதழ் சாட்சி கூறும். கண்டதைக் கண்டபடி எழுதும் துணிவை மட்டும் எந்தத் தேர்வும் அளந்து தாளில் பொறிப்பதில்லை. அதனை ஒவ்வொருவரும் தம் முதற்பணியில், யாரும் மதிப்பெண் இடாத இடத்தில், தாமே பெற வேண்டும். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டியிருக்கும் ஒவ்வொருவருக்கும் இது பொருந்துமன்றோ?

அடுத்த விடுமுறை முடிந்து நூலகத்தைத் திறக்கும்போது, கைக்குட்டையை எடுக்குமுன் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்திப் பார்த்தால் நன்று. ஈரம் அங்கேதான் இருக்கக்கூடும்.