கழற்றி வைத்த கருவி

தமிழிலக்கியம் பயிலும் மாணவராகிய யாம் மோட்டார் வண்டியின் புகைக்குழாயைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு அன்பர் சிலர் நகைத்தல் கூடும். நகைப்பினும் குற்றமில்லை. சென்ற கோடை விடுமுறையில் யாம் கற்றதொன்றை நன்னூலிற் கண்டிலோம். அம்பத்தூரில் எம் சிற்றப்பாவின் பட்டறையில், எண்ணெய் படிந்த தரையில் மல்லாந்து கிடந்தபோது கண்டோம். அதனை உள்ளவாறே உரைப்போம்.

பட்டறை தொழிற்பேட்டைக்குப் பின்புறம் ஒரு குறுந்தெருவில் உள்ளது. மேற்கே ஆவடியில் 1960-களில் எழுந்த தொழிற்சாலையில் டாங்கிகள் உருவாகின்றன. கிழக்கே பாடியில் வண்டிச் சக்கரமும் பிரேக்கும் செய்யும் ஆலைகள் உள. இவ்விரண்டற்கும் இடையே வளரும் பிள்ளைகள் எழுதுகோலுக்கு முன்னரே ஸ்பானரைப் பிடித்து விடுவர் எனல் மிகையாகாது. சிற்றப்பா அத்தகையோருள் ஒருவர். சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் நிகழ்ந்த மோட்டார்ப் பந்தயங்களை இளமையில் தம் தந்தையாரின் தோள்மேல் இருந்து கண்டவர். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடம் திறக்கப்பட்டது. அதில் ஒருமுறையேனும் தம் வண்டியை ஓட்டவேண்டும் என்பது அவர்தம் நெடுநாள் அவா.

அவ்வவா நிறைவேறும் பொருட்டு, 2002-ஆம் ஆண்டின் மிட்சுபிஷி லான்சர் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினார். அவ்வினம் 1998 முதல் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிற் செய்யப்பெற்றது. வேகத்தை விரும்புவோர் இன்றும் அதனைத் தேடுகின்றனர். வண்டி வந்த மறுவாரமே, “தம்பி, கன்வெர்ட்டரைக் கழற்றிவிடலாம், என்ஜின் மூச்சுவிடட்டும்” என்றார் சிற்றப்பா. “சாலைக்கு அன்று, தடத்திற்கு மட்டும்” என்றும் சேர்த்துச் சொன்னார். அச்சொல்லை அன்பர் நினைவில் வைத்தல் வேண்டும்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்பது என்ஜினுக்கும் சைலன்ஸருக்கும் இடையே நிற்கும் ஓர் இரும்புக் கூடு. அதனுள்ளே பீங்கான் போன்றதொரு தேனடை உண்டு. ஒரு சதுர அங்குலத்தில் 400 கண்ணறைகள் வரை இருக்கும். அவற்றின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் அருவிலை உலோகங்கள் மெல்லெனப் பூசப்பட்டிருக்கும். ஏறத்தாழ 300 பாகை வெப்பம் எய்தியபின், கண்ணறைகளினூடே செல்லும் கார்பன் மோனாக்சைடு கரியமில வாயுவாகின்றது. எரியாத பெட்ரோல் ஆவி நீராகவும் கரியமில வாயுவாகவும் மாறுகின்றது. நைட்ரஜன் ஆக்சைடுகள் வெறும் நைட்ரஜனாகப் பிரிகின்றன. உலோகங்களோ தாம் செலவாகாமலே இவ்வினையைச் செய்கின்றன.

இதன் வரலாறும் இனிது. பிரெஞ்சு நாட்டிற் பிறந்த யூஜின் ஹூட்ரி என்னும் பொறியியலார், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டத்தை எண்ணி இத்தகைய கருவி ஒன்றை அமைத்து, 1956-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆயின் அக்காலப் பெட்ரோலிற் கலந்திருந்த ஈயம் உலோகப் பூச்சைச் செயலறச் செய்தது. ஈயமற்ற பெட்ரோல் வந்தபின்னரே, 1975-ஆம் ஆண்டு வண்டிகள் முதலாக இஃது அமெரிக்காவிற் பரவிற்று. நம் நாட்டிலோ 1995 ஏப்ரல் 1 முதல், சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று.

இத்தகைய கருவியைத்தான் யாம் ஒரு ஞாயிறு பிற்பகலில் கழற்றினோம். துருவேறிய போல்ட்டுகளில் எண்ணெய் ஊற்றி இரவெல்லாம் ஊறவைத்திருந்தார் சிற்றப்பா. யாம் விளக்குப் பிடித்தோம். ஆக்ஸிஜன் சென்சாரை முதலிற் பிரித்தெடுத்துத் துணியிற் சுற்றி வைத்தார். பின்னர்க் கூட்டை இறக்கி, அது நின்ற இடத்தில் நேர்க்குழாய் ஒன்றைப் பொருத்தினார். விசை மிகும்பொருட்டுப் பெட்ரோலும் சற்று மிகுதியாகப் பாயுமாறு செய்தார். என்ஜினை முடுக்கியபோது எழுந்த முழக்கத்தைக் கேட்டு யாம் கைகொட்டி ஆர்த்தோம் என்பதை மறைக்க விரும்புகின்றிலோம்.

தடத்தில் சிற்றப்பா மகிழ்ந்த மகிழ்ச்சி பெரிது. கருவியைக் கழற்றியதால் வந்த ஊதியமோ சிறிது. ஒரு சுற்றுக்கு ஒரு நொடிகூட முழுதாகக் குறையவில்லை. மாலையில் அவ்வண்டியிலேயே வீடு திரும்பினோம். செம்பரம்பாக்கமும் நசரத்பேட்டையும் கடந்து பூந்தமல்லிச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். எமக்குப் பின்னே ஸ்கூட்டர் ஒன்றில் தாயும் சிறுமியும் இருந்தனர். பச்சைப் பெட்ரோல் நெடி எம் வண்டியிலிருந்து எழுந்தது. சிறுமி இருமினாள், தாய் தன் முந்தானையால் அவள் முகத்தை மூடினாள். கண்ணாடியில் இதனைக் கண்டோம். சிற்றப்பாவும் கண்டார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. விளக்குப் பச்சையாயிற்று, சென்றுவிட்டோம்.

“ஒரு நாள்தானே, தம்பி, நாளை மாட்டிவிடலாம்” என்றார் வீட்டை அடைந்ததும். அந்நாளை மூன்று மாதமாக வரவில்லை. வண்டியோ ஆவடிச் சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் நாள்தோறும் சென்று வந்தது. யாமும் அதில் ஏறிச் சென்றோம். அப்பருவத் தேர்வில் திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதினோம். உலகினர்க்குக் கைம்மாறு கருதாது உதவுதலே ஒப்புரவு என்று விளக்கினோம். நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். பூந்தமல்லிச் சந்திப்பில் ஒரு சொல் சொல்ல வாய் எழாத யாம் அதனை எழுதினோம் என்பது பின்னரே உறைத்தது.

இதற்கிடையே பழைய இரும்பு வாங்குவார் ஒருவர் பட்டறைக்கு வந்தார். மூலையிற் கிடந்த கூட்டைக் கண்டதும் 9,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். உள்ளிருக்கும் உலோகம் சில கிராமே எனினும் அதன் விலை அத்தகையது. எம் தங்கையின் பள்ளிக்கட்டணம் நிலுவையில் இருந்த வேளை அது. சிற்றப்பா கூட்டைக் கையில் எடுத்து நெடுநேரம் நின்றார். “விற்றுவிட்டால் மாட்டும் கவலையே இல்லை” என்றார் வந்தவர். அச்சொல்லே எம் நாவைத் திறந்தது. “சித்தப்பா, அந்தச் சிறுமி இருமினாளே” என்றோம். அவர் எம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை. “நாளைக்கு வாருங்கள்” என்று வந்தவரை அனுப்பினார்.

மறுநாட் காலையில் வண்டியைப் புகைச் சோதனைக்குக் கொண்டு சென்றார். யாமும் உடன் சென்றோம். இவ்வகை வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு நூற்றுக்கு 0.5-க்கு மேற்படலாகாது. எம் வண்டி காட்டியது 2.6. இவ்வாயு நிறமும் மணமும் அற்றது. குருதியிற் புகுந்தால் உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேலாக இறுகப் பற்றிக் கொள்வது. நெடி நாம் அறிவது. நஞ்சோ நாம் அறியாதது. ஆக்கியோர் வகுத்த அமைப்பை உரிமையாளர் மனம்போல் மாற்றுதலை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் விலக்குவதும் சிற்றப்பா அறிந்ததே. எனினும் அன்று அவரை வருத்தியது சட்டமன்று. “இத்தனை நாள் யார் யார் பின்னால் வந்தார்களோ” என்று ஒருமுறை சொன்னார்; பின்பு பேசவில்லை.

அன்று மாலையே கருவி தன் இடத்தை அடைந்தது. பெட்ரோல் அளவும் பழையபடி திருத்தப்பட்டது. அடுத்த சோதனையில் 0.2 என்று கண்டது. கட்டணத்திற்குச் சிற்றப்பா கடன் வாங்கினார். நேர்க்குழாயை அவர் எறிந்துவிடவில்லை. போல்ட்டிட்டு மாட்டவும் கழற்றவும் ஏற்றதாகச் செய்து சுவரில் தொங்கவிட்டுள்ளார். அது வண்டியில் இருக்கும் நாளில் சக்கரம் பொதுச்சாலையைத் தொடலாகாது என்பது இப்போது பட்டறையின் விதி. தடத்திற்கு ரெக்கவரி வண்டியில் ஏற்றிச் சென்று அதிலேயே ஏற்றி வருகின்றார். அவ்வாடகை பெரிது, ஆதலின் ஆண்டுக்கு நான்கு முறை செல்ல எண்ணியவர் ஒருமுறையே செல்கின்றார். அது குறித்து அவர்க்கு வருத்தம் உண்டு. இல்லையென்று யாம் புனைந்துரையோம்.

ஒரு வண்டியில் திசை திருப்பும் சக்கரமும் பிரேக்கும் கண்ணாடியும் விளக்கும் ஓட்டுவோர்க்கும் உதவுவன. இக்கருவி ஒன்றே ஓட்டுவோர்க்கு யாதும் தாராது, பின்னே வருவோர்க்கே உழைப்பது. அதனாற்றான் அது முதலிற் கழற்றப்படுகின்றது போலும். ஒப்புரவைப் பற்றி மீண்டும் ஒரு தேர்வில் எழுத நேருமாயின், நான்கு பக்கம் எழுதமாட்டோம். பூந்தமல்லிச் சந்திப்பில் மூடப்பட்ட அச்சிறு முகத்தை நினைந்து, எழுத இயன்ற அளவே எழுதுவோம்.