படெல்லாவும் முழங்காற்சில்லும்

முழங்காலின் முன்புறத்தில், கையால் தொட்டறியத்தக்க சிறிய எலும்பொன்று உண்டு. மருத்துவர் அதனைப் 'படெல்லா' என்பர். யாழ்ப்பாணத்தில் நாம் முழங்காற்சில்லு என்போம். ஓட்டுத் துண்டும் வண்டிச் சக்கரமும் எமக்குச் சில்லுதானே!

படெல்லா இலத்தீன் சொல். அதன் பகுதி அகன்ற தட்டைக் குறிப்பது. 'எல்லா' என்பது சிறுமைப் பொருள் தரும் விகுதி. ஆக, சிறுதட்டு. ப, டெல், லா என அசைகள் மூன்று. இலத்தீனில் ஈற்றயலசை நெடிலாகவோ ஒற்றடுத்தோ வந்தால் அழுத்தம் அதன்மீது விழும். இன்றேல் அதற்கு முன்னசைக்குச் செல்லும். இங்கே 'டெல்' அழுத்தம் பெறுகிறது. குறில், நெடில், ஒற்று எனப் பார்த்து அசை பிரிக்கும் தமிழ் மாணவனுக்கு இவ்விதி கடினமன்று.

தோளருகே உள்ள எலும்பின் பெயர் 'கிளாவிக்குலா'. ஈற்றயலசை 'கு' குறிலாகையால் அழுத்தம் 'வி'யின்மீது. பொருள், சிறுதிறவுகோல். நாமோ கழுத்தணியின் பெயரால் அதனைக் காறையெலும்பு என்றோம். உரோமருக்குத் தட்டும் திறவுகோலும் போல எமக்குச் சில்லும் காறையும். இரண்டும் வீட்டுப் பொருள்களே. ஒன்று அறிவியல், மற்றையது நாட்டுவழக்கு என்று தரம் பிரிக்க நியாயமில்லை.

இதனை நன்குணர்ந்தவர் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். கற்றரின் உடற்கூற்று நூலை 'அங்காதிபாதம்' எனத் தமிழில் வெளியிட்டார். கிரேயின் பெருநூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆயிற்று. கேசாதிபாதம் என்னும் சிற்றிலக்கியம் அறிந்தவருக்கு அப்பெயர் அந்நியமாக ஒலித்திராது. 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்றுப் பலர் வெளியேறினர். அவர் நாடு திரும்பியபின் அம்முயற்சி நிலைக்கவில்லை. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மருத்துவ பீடமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கிறது.

அதனை மாற்றுவது எளிதன்று. உலக மருத்துவத்தோடு உறவாட அந்தப் பெயர்கள் வேண்டும். ஆனால் நோயாளிக்கு வேண்டியது தன் உடம்பைப் பற்றிய தெளிவு. முழங்கால் வீங்கிய மூதாட்டியிடம் படெல்லா என்றால் அச்சமே மிஞ்சும். சில்லு என்றால் கை தானாக அவ்விடத்துக்குப் போகும். அதனாலேயே மருத்துவச் செய்தி எழுதும்போது தமிழ்ப் பெயரை முதலிலும் மருத்துவர் வழங்கும் பெயரை அடுத்தும் வைப்பது என் வழக்கம். எம் மருத்துவ மாணவரும் ஒவ்வொரு இலத்தீன் சொல்லையும் மனனம் செய்யுமுன் ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் எம் வீட்டிலும் உள்ள பொருள்தான்.