நாசி கண்டோம்

மர்ஹூம் நம் பாட்டனார் பினாங்கில் ‘வியாபாரம்’ செய்தார் என்பதே இல்லத்தில் கேட்டு வளர்ந்த செய்தி. ரஜுலா கப்பலேறிச் சென்றவர் அங்கே என்ன விற்றார் என எவரும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை.

அண்மையில் ஜார்ஜ் டவுனில், 1801-இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளியில் மஃரிபு தொழுதுவிட்டு, பசியோடு சூலியா வீதிக்கு நடந்தோம். வண்டி இரைச்சலுக்கிடையே ஒரு சந்துக் கடைமுன் நீண்ட வரிசை. நாசி கண்டார்! மலாயில் ‘நாசி’ சோறு, தமிழிலோ மூக்கு. அன்று இரு பொருளும் பொருந்தின.

“வாங்க ஹஜரத், என்ன வைக்க?”

பெரிய இறாலையும் கணவாயையும் தொட்டால் பணப்பை மெலியும் என உடன்வந்த அன்பர் எச்சரித்திருந்தார். ஆகவே முட்டையும் வெண்டைக்காயும் போதுமென்றோம். குழம்புக்குத் தனிவிலை இல்லை. கோழி, மீன், இறைச்சி எனப் பல சட்டிகளிலிருந்தும் ஒவ்வோர் அகப்பை. ‘பஞ்சிர்’ என்றால் வெள்ளமாகவே ஊற்றுகிறார்கள். எல்லாம் கலந்த அந்தச் சுவைக்கு நம் ஊர் விருந்துகளில் இணை கண்டிலோம்.

‘கண்டார்’ என்பது தோள்தடி. அதன் இருமுனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளருக்குத் தமிழ் முஸ்லிம்கள் சுமந்து விற்ற உணவு இது. கடைச் சுவரில் அத்தகைய ஒருவரின் படம். கை சோற்றிலேயே நின்றுவிட்டது. பாட்டனார் கொண்டுவந்ததாக நம் பரணில் கிடக்கும் மூங்கிலுக்கும் அதே வளைவு; முனைகளில் அதே வெட்டு. துணி உலர்த்தும் கழி என்றே சொல்லியிருந்தார்கள். ஹலாலான உழைப்பை ஏன் மறைத்தார்களோ!

அன்றிரவே தம்பியைத் தொலைபேசியில் அழைத்து, அதை இறக்கித் துடைத்து வைக்கச் சொன்னோம்.