நான்கில் தொடங்கும் சுழி

இலக்கியம் பேசும் நண்பர்களிடையே ரிலேயைப் பற்றி எழுதுவது சற்று விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் பல ஆண்டுகளாக எனக்குச் சோறு போடுவது அதுதான். ஒரு சொல்லுக்கும் அதன் பொருளுக்கும் இடையே உள்ள தூரத்தை நான் நாவல்களில் கற்றதைவிட அதனிடம் அதிகமாகக் கற்றேன் என்றே நினைக்கிறேன்.

துணைமின் நிலையத்தில் காப்பு ரிலேயின் முதற்பணி காவல். தடத்தில் பழுது நேர்ந்து மின்னோட்டம் பல மடங்கு எகிறினால், கண்ணிமைக்கும் நேரத்தில் அதை உணர்ந்து பிரேக்கரைத் திறக்க ஆணையிடும். ஆனால் பழுதுகள் அன்றாடம் நேர்வதில்லை. மற்ற நேரமெல்லாம் தடத்தில் ஓடும் மின்னோட்டத்தை அது சலிக்காமல் அளந்துகொண்டே இருக்கிறது. அந்த அளவைக் கட்டுப்பாட்டு அறைக்கும் சொல்லட்டுமே என்று ஏற்பட்டதே அனலாக் அவுட்புட். இரண்டு மெல்லிய கம்பிகள். அவற்றில் ஓடும் மிகச் சிறிய மின்னோட்டம். அதன் அளவே செய்தி.

அச்செய்திக்கு இலக்கணம் வகுப்பது எங்கள் வேலை. எதைச் சொல்ல வேண்டும், அதன் கீழெல்லை எது, மேலெல்லை எது என்று ரிலேயில் பதிய வேண்டும். 0 முதல் 600 ஆம்பியர் வரை எனப் பதிந்தால், 0க்கு 4 மில்லியாம்பியர், 600க்கு 20. தடத்தில் 300 ஓடினால் கம்பியில் 12. அதைப் படிக்கும் மறுமுனைக் கருவியிலும் அதே எல்லைகள் இருக்க வேண்டும். அங்கே 800 என்று பதிந்திருந்தால் அதே 12, 400 ஆம்பியர் என்று வாசிக்கப்படும். சொன்னவனும் பொய் சொல்லவில்லை, கேட்டவனும் பிழையாகக் கேட்கவில்லை. இருவருக்கும் அகராதி வேறு, அவ்வளவே.

மேலெல்லையைக் குறுக்கி வைப்பதும் ஆபத்து. தடத்தில் 700 ஆம்பியர் ஓடும்போதும் திரை 600ஐ ஒட்டியே நின்றுவிடும். சுமை மிகும் நேரம்தானே நாம் உண்மையை அறிய வேண்டிய நேரம்!

என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது அந்த 4. சுழியைச் சுழியாலேயே சொன்னால் என்ன? 0 முதல் 20 வரை என்ற முறையும் உண்டு. அதில் தடம் சுமையின்றி இருந்தாலும் 0. கம்பி அறுந்து போனாலும் 0. நான்கில் தொடங்கும் முறையிலோ சுமையற்ற தடமும் 4 மில்லியாம்பியரை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் இதை லைவ் ஜீரோ என்பார்கள். 'அனைவரும் நலம், வேறு விசேஷம் இல்லை' என்று எழுத ஒரு இன்லண்ட் கடிதத்தைச் செலவழித்த நம் பெரியவர்களுக்கு இதன் அருமை புரிந்திருக்கும். விசேஷம் இல்லை என்ற கடிதமும், கடிதமே வராத மாதமும் ஒன்றல்ல.

ஒரு பழைய துணைமின் நிலையத்தில் 11 கிலோவோல்ட் ஃபீடர் ஒன்றுக்குத் திரை 0 காட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்த மூத்த லைன்மேன், "சார், ஃபீடர் செத்துக் கிடக்குதுன்னு திரை சொல்லுது. நான் நம்ப மாட்டேன்" என்றார். ரிலேயின் முகப்பில் பார்த்தோம்: 140 ஆம்பியர். டெர்மினலில் திருகு தளர்ந்து கம்பி கழன்றிருந்தது. இணைப்போ 0–20 முறையில் அமைந்தது. பிரேக்கரைத் திறந்து, சோதித்து, எர்த் செய்யாமல் எந்தத் தடத்தையும் தொடலாகாது என்ற விதி அவர் ரத்தத்தில் ஊறியது. அவசரக்காரனான ஓர் இளைஞன் அந்த 0ஐ நம்பிக் கம்பம் ஏறியிருந்தால் என்ற நினைவு இன்றும் என்னை நடுக்குகிறது.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இதே மயக்கம் பேருருக் கொண்டது. ஒரு கட்டுப்பாட்டு அறையின் அலாரம் மென்பொருள் பிற்பகலில் செயலிழந்தது. செயலிழந்ததைச் சொல்ல அங்கே எதுவும் இல்லை. 345 கிலோவோல்ட் தடங்கள் ஒவ்வொன்றாக மரங்களில் உரசி விழுந்துகொண்டிருக்க, ஒரு மணி நேரத்திற்கும் மேலாக அறையில் அமைதி நிலவியது. அந்த அமைதியை அவர்கள் நலம் என்று வாசித்தார்கள். அன்று மாலைக்குள் அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தனர். காரணங்கள் பல, அந்த மௌனமும் அவற்றுள் ஒன்று.

இன்றைய ரிலேக்கள் ஈதர்நெட் வழியே பேசுகின்றன. ஐ.இ.சி. 61850 முறையில் அளவோடு அது நம்பத்தக்கதா என்ற குறிப்பும் சேர்ந்தே செல்கிறது. அதை அந்த 4 மில்லியாம்பியரின் வாரிசு என்பேன். ஆனால் வாரிசாயினும் மூதாதையாயினும், கேட்பவன் அதை மதித்தால்தான் பயன். மறுமுனைக் கருவி 4க்குக் கீழ் இறங்கியதையும் 0 என்றே காட்டும்படி விடப்பட்டிருந்தால் இத்தனை ஏற்பாடும் வீண்.

ஆகவே எல்லா அளவுகளையும் செலுத்திச் சரிபார்த்த பின், கடைசியாக ஒரு சோதனை செய்வேன். கம்பியை வேண்டுமென்றே கழற்றிவிட்டுத் திரையைப் பார்ப்பேன். 'இல்லை' என்று அது சொன்னால் வேலை முடியவில்லை. 'தெரியவில்லை' என்று சொன்னால் கையொப்பமிடுவேன்.