ஒரே செடி, மூன்று கடை

விடியுமுன்னே மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லிகையோடு போயிருந்தேன். பூவை இறக்கிவிட்டு வெளியே வரும் வழியில் மரிக்கொழுந்து, துளசிக் கட்டுகளுக்குப் பக்கத்தில் இன்னொரு தழை மணந்தது. பார்த்தால், எங்கள் வாய்க்கால் ஓரத்தில் முளைக்கிற செடி! களை என்று எத்தனையோ முறை பிடுங்கிப் போட்டிருக்கிறேன்.

"திருநீற்றுப் பச்சிலை தம்பி. கசக்கி மோந்து பாருங்க, திருநீறு வாசம் அடிக்கும். மாலையில ரெண்டு கொத்து வச்சாப் போதும், சாமி சன்னதியே மணக்கும்" என்றார் தழை விற்ற அம்மா. உருத்திரசடை என்றும் இதற்குப் பெயர் உண்டு. துளசிக்கு உறவுதான், ஆனால் துளசி அல்ல.

அங்கிருந்து கீழமாசி வீதி. வீட்டில் சப்ஜா விதை வாங்கிவரச் சொல்லியிருந்தார்கள். நாட்டு மருந்துக் கடைக்காரரிடம், "இது எந்தச் செடியில வருதுண்ணே?" என்று கேட்டேன். "திருநீற்றுப் பச்சிலையிலதான்" என்றார். காசு கொடுத்துப் பொட்டலத்தை வாங்கும்போது வெட்கமாகிவிட்டது. முகப்பருவுக்கு இலைச் சாற்றில் வசம்புப் பொடியைக் குழைத்துப் பூசுவது பழைய வீட்டு வைத்தியம் என்றும் சொன்னார். எரிச்சல் வந்தால் கழுவிவிட வேண்டும்.

வெயில் ஏறியதும் ஒரு குளிர்பானக் கடையில் ஒதுங்கினேன். ஃபலூடா டம்ளரில் மிதந்ததும் அதே விதைதான்! கறுப்பு விதையைச் சுற்றி வெள்ளை வழவழப்பு. உடல் சூட்டுக்கு நல்லது என்று கோடையில் பலரும் குடிக்கிறார்கள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் விதை. 15 நிமிடமாவது ஊற வேண்டும். உலர்ந்த விதையை அப்படியே விழுங்கினால் தொண்டையில் உப்பி அடைக்கும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் தேவை. கர்ப்பிணிகளும் மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தாலியின் ஜெனோவா ஊரில் இந்த இனத்தின் இலையைப் பூண்டு, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெயோடு அரைத்து 'பெஸ்டோ' என்று துவையல் செய்கிறார்கள். பெரிய ஓட்டல்கள் கேட்கும் 'பேசில்' அதுதான். இனம் ஒன்றானாலும் ரகமும் மணமும் வேறு. நம் வரப்புச் செடியைப் பேசில் என்று விற்றால் திரும்பி வரும். ஓட்டலுக்குக் கொடுக்க நினைத்தால் அதற்கான ரக விதையை வாங்கி நட வேண்டும்.

இப்போது நான் வாய்க்கால் ஓரச் செடிகளைப் பிடுங்குவதில்லை. தண்ணீர் தேங்காத மேட்டில் விதையை மணலோடு கலந்து மேலாகத் தூவினால் போதும். ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. தழை வேண்டும் செடிகளில் பூங்கதிரைக் கிள்ளிவிடுகிறேன். விதை வேண்டும் செடிகளை அப்படியே பூக்க விடுகிறேன், தேனீக்கள் மொய்க்கின்றன. கதிர் பழுப்பானதும் அறுத்து நிழலில் உலர்த்தி, உள்ளங்கையில் தேய்த்துப் புடைத்தால் சப்ஜா.

இந்தக் கோடைக்கு எங்கள் வீட்டில் விதைப் பொட்டலம் வாங்கவில்லை. நீங்களும் உங்கள் வாய்க்கால் ஓரத்தை ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.