முதல் ‘ரிமோட் லோரி’: வாங்கித் தருவதும் கற்றுத் தருவதும்

பள்ளி விடுமுறையோ தீபாவளியோ நெருங்கும்போது பெற்றோர் சிலர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “பையன் ரிமோட் லோரி வேண்டும் என்று அடம்பிடிக்கிறான், சார். வாங்கிக் கொடுத்தால் நாலே நாளில் உடைத்துவிடுவான். வாங்கலாமா, வேண்டாமா?” ஏட்டில் ‘தொலைக்கட்டுப்பாட்டுச் சரக்குந்து’ என்று எழுதினாலும் பிள்ளைகள் வாயில் அது ரிமோட் லோரிதான். இங்கும் அவ்வாறே குறிப்பிடுகிறேன்.

என் விடை இதுதான்: வாங்கலாம். அது எப்படியும் உடையும். ஆகவே, உடைந்தபின் பிரித்துச் செப்பனிடக்கூடிய வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். அதனால் கிடைக்கும் பயனில் பாதி, அது ஓடும்போது அன்று, ஓடாமல் நிற்கும்போதே கிடைக்கிறது.

கடைகளில் இருவகை வண்டிகள் உள்ளன. ஒன்று, வெறும் விளையாட்டுப் பொருள். பெரும்பாலும் முழு வேகத்தில் ஓடும் அல்லது நிற்கும். இடம், வலம், நேர் என மூன்றே நிலைகளில் திரும்பும். உள்ளே ஒரு பற்சக்கரம் தேய்ந்தால் மாற்றுச் சக்கரம் கிடைக்காது. வண்டி குப்பைத்தொட்டிக்குப் போகும். மற்றொன்று, பொழுதுபோக்குக் கலையாக இதனைப் பயில்வோருக்கென்று செய்யப்பட்டது. விசையை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவே வேகமெடுக்கும். எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவே திரும்பும். அதன் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே வாங்கலாம். விலை அதிகந்தான்; சில நூறு ரிங்கிட் ஆகும். ஆனால், ஆண்டுக்கு மூன்று மலிவு வண்டிகளை வாங்கி எறிவோர் தாம் செலவிட்டதைக் கூட்டிப் பார்ப்பது நல்லது. கடைக்காரரிடம் “எவ்வளவு வேகம் போகும்?” என்று கேட்பதற்குமுன், “இதற்கு உதிரிப்பாகம் இங்கே கிடைக்குமா?” என்று கேளுங்கள். விடை ‘இல்லை’ என்றால் வேறு வண்டியைப் பாருங்கள்.

இக்கலை நேற்று முளைத்ததன்று. 1898-ஆம் ஆண்டிலேயே நிக்கோலா டெஸ்லா, வானொலி அலையால் இயங்கும் சிறு படகொன்றை நியூயார்க்கில் மக்கள்முன் இயக்கிக் காட்டினார். ஜப்பானின் தமியா நிறுவனம் 1976-இல் தன் முதல் தொலைக்கட்டுப்பாட்டு மகிழுந்தை வெளியிட்டது. 1981-இல் அது வெளியிட்ட டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியில் உண்மையான லோரியில் இருப்பதுபோன்ற பட்டைவில்களும், மூன்று வேகநிலைகள் கொண்ட பற்சக்கரப் பெட்டியும் இருந்தன. அவ்வண்டி பெட்டிக்குள் உதிரிகளாகவே வந்தது. வாங்கியவர் தாமே பூட்டி, வண்ணம் பூசி, பிறகுதான் ஓட்ட வேண்டும். அத்தகைய பெட்டிகள் இன்றும் கிடைக்கின்றன. பத்து வயதைக் கடந்த பிள்ளையும் பொறுமையுள்ள பெரியவர் ஒருவரும் உடன் அமரக்கூடிய வீடாயின், நான் அதையே பரிந்துரைப்பேன். இல்லையெனில், பூட்டியே வரும் வண்டியை வாங்கி, முதல் நாள் ஒருமுறை அதன் மூடியைக் கழற்றி உள்ளே காட்டுங்கள்.

முதல் வண்டி மகிழுந்தாக இல்லாமல் லோரியாக இருப்பது ஏன் நன்று? நம் குடியிருப்புத் திடல்களை நினைத்துப் பாருங்கள்: புல், சரளைக்கல், மழை பெய்து ஓய்ந்த சேறு. தரையொட்டி ஓடும் மகிழுந்து அங்கே பத்தடி போகாது. பெரிய சக்கரங்களும் உயர்ந்த அடிப்பாகமும் உடைய லோரி போகும். பத்தில் ஒரு பங்கு அளவில், பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் எளிய வண்டி தொடக்கத்திற்குப் போதுமானது. பாகங்கள் குறைவு, கழற்றிப் பூட்டுவதும் எளிது.

மின்கலத்தைப் பற்றிப் பெற்றோர் அறிந்தே ஆக வேண்டும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையில், 1.2 வோல்ட் உடைய 6 கலங்கள் தொடராக இணைந்து 7.2 வோல்ட் தருகின்றன. அறிவியல் பாடத்தில் நாம் கரும்பலகையில் வரையும் தொடர் மின்சுற்றுதான் இது. பிள்ளையையே கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். லித்தியம் பாலிமர் வகை எடை குறைந்தது, ஆற்றல் மிகுந்தது. ஆனால் தவறாகக் கையாண்டால் தீப்பிடிக்கக்கூடியது. அதில் ஒவ்வொரு கலமும் முழுமையாக மின்னேற்றியபின் 4.2 வோல்ட் இருக்கும்; 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். உப்பிப் போன மின்கலத்தை மீண்டும் பயன்படுத்தவே கூடாது. தொடக்கத்திற்கு முதல் வகையே பாதுகாப்பானது.

எவ்வகையாயினும் சில விதிகளை வீட்டில் எழுதி ஒட்டுங்கள். அந்தந்த வகைக்குரிய கருவியைக் கொண்டே மின்னேற்ற வேண்டும். சிமெண்டுத் தரையில் வைத்து, பெரியவர் ஒருவர் விழித்திருக்கும் நேரத்தில் மட்டுமே மின்னேற்ற வேண்டும். மெத்தையிலும் சோபாவிலும் கூடாது. இரவில் விட்டுவிட்டு உறங்கக் கூடாது. ஓடி முடித்த மின்கலம் சூடாக இருக்கும். ஆறியபின்பே மீண்டும் மின்னேற்ற வேண்டும். 3000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள மின்கலத்தை 3 ஆம்பியரில் மின்னேற்றினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரக் காத்திருப்பே இன்றைய பிள்ளைகளுக்குப் பெரிய பயிற்சி!

இனி முதல் ஓட்டம். முதலில் கையிலுள்ள கருவியை இயக்குங்கள்; அதன்பின் வண்டியை. நிறுத்தும்போது முதலில் வண்டி, பிறகு கைக்கருவி. வரிசை மாறினால், கட்டளை கிடைக்காத வண்டி தானே பாய்ந்தோட வாய்ப்புண்டு. சாலையோரம் வேண்டாம், சிறு குழந்தைகள் ஓடியாடும் இடமும் வேண்டாம். திறந்த திடலில் இரண்டு செருப்புகளைப் பத்தடி இடைவெளியில் வைத்து, அவற்றைச் சுற்றி எட்டு என்னும் எண்ணின் வடிவில் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு குழப்பம் வரும். வண்டி நம்மைவிட்டு விலகிச் செல்லும்போது வலம் என்பது நமக்கும் வலமே. அது நம்மை நோக்கித் திரும்பி வரும்போது வலம் நமக்கு இடமாகிவிடும். பிள்ளை தடுமாறுவான், சுவரில் மோதுவான். அது மந்த புத்தியன்று. “நீயே உள்ளே உட்கார்ந்து ஓட்டுவதாக நினைத்துக்கொள், ஐயா” என்று மெல்லச் சொன்னால் போதும். சில நாள்களில் கை பழகிவிடும்.

என் வகுப்பில் முன்பு ஒரு மாணவன் இருந்தான். கட்டுரை ஏட்டில் நான்கு வரிக்குமேல் எழுதமாட்டான். தந்தை லோரி ஓட்டுநர்; வாரத்தில் இரண்டு இரவுகள்தாம் வீட்டில் தங்குவார். “எனக்குப் படிப்பு ஏறவில்லை, சார். நான் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?” என்பார். அவர் மகனுக்கு வாங்கிக் கொடுத்த வண்டி, இரண்டாம் வாரமே கால்வாய் விளிம்பில் மோதி, முன்சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கை ஒடிந்துபோனது. அதைக் கண்ணாடி அலமாரியின் உச்சியில் ஏற்றிவைக்கவே அவர் எண்ணியிருந்தார். உதிரிப்பாகத்தின் விலை மிகச் சிறியது என்று கூறி, மகனையே கழற்றச் சொல்லுங்கள் என்றேன்.

ஒரு சனிக்கிழமை இரவு இருவரும் வரவேற்பறைத் தரையில் செய்தித்தாளை விரித்து அமர்ந்திருக்கிறார்கள். கழற்றிய திருகாணிகளை மகன் வரிசையாக அடுக்க, தந்தை ஒவ்வொன்றாகப் பூட்டக் கற்றுக் கொடுத்திருக்கிறார். வண்டி வளைவில் ஏன் கவிழ்கிறது என்றும் விளக்கியிருக்கிறார்: பாரம் உயரத்தில் இருந்தால் வளைவில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்; அவர் ஓட்டும் லோரிக்கும் அதுவே விதி. மகன் அதனைக் கேட்டது பாடமாக அன்று. தன் அப்பாவின் தொழில் இரகசியமாகக் கேட்டான். அடுத்த வாரம் ‘நான் பழுது பார்த்த வண்டி’ என்று ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தான். எழுத்துப்பிழைகள் ஏராளம். ஆனால் பற்சக்கரம், அச்சு, திருகாணி ஆகிய சொற்கள் தத்தம் இடத்தில் பிசகாமல் அமர்ந்திருந்தன. அவற்றை நான் வகுப்பில் கற்பித்தபோது அவனுக்கு அவை வெறும் ஒலிகள். கையில் எண்ணெய் பட்டபின் அவை அவனுடைய சொற்களாயின.

ஆசிரிய நண்பர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. மேசைமேல் கழற்றி வைத்த ஒரு வண்டி, சொல்வளத்திற்கும் அறிவியலுக்கும் ஒருசேரப் பயன்படும் பாடத்துணைப்பொருள். இரு பற்சக்கரங்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை அறிய, ஒரு துண்டுத் தாளை நடுவில் செருகிப் பூட்டி, பிறகு தாளை உருவிவிடுவார்கள். இதை ஒரு மாணவனிடம் வாய்மொழியாக விளக்கச் சொல்லிப் பாருங்கள். அதைவிட நல்ல பேச்சுப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை. மாணவியரை ஒதுக்கிவிடவும் வேண்டாம். திருப்புளி பிடிக்க ஆண்பிள்ளையின் கைதான் வேண்டும் என்பதில்லை.

ஓட்டி முடித்த ஒவ்வொரு முறையும் பழைய பல்துலக்கியால் மண்ணைத் தட்டி, தளர்ந்த திருகாணிகளை முடுக்கி, மோட்டார் ஆறும்வரை கால் மணி நேரம் விடுவது நல்ல வழக்கம். நீர்புகா வண்டி என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், மழையில் ஓட்டியபின் துடைத்து உலர்த்தாவிட்டால், சக்கரத்தின் உள்ளே இருக்கும் உருளைத் தாங்கிகள் துருப்பிடிக்கும்.

வாங்கும் நாளிலேயே பொருத்தமான திருப்புளி ஒன்றையும், முன்சக்கரத்துக்கான மாற்றுக் கை ஒன்றையும் சேர்த்து வாங்கி வையுங்கள். வண்டி உடைந்து பிள்ளை அழுதுகொண்டு வந்தால், “ஏன் உடைத்தாய்?” என்று கேட்காமல், “எது உடைந்தது?” என்று கேளுங்கள். அந்தப் பாகத்தின் பெயரைத் தமிழில் சொல்லத் தெரியாவிட்டால், இருவரும் சேர்ந்து தேடுங்கள்.