அத்தைக்கும் ஒரு பூ

ஆடி பிறந்துவிட்டால் செவ்வாய்ப்பேட்டைக்குப் பூப்பித்துப் பிடித்துவிடும். பூச்சாட்டு நாள் தொடங்கி, மாரியம்மன் கோயில் வாயிலில் கூடை கூடையாய் அரளி. குவியல் குவியலாய்ச் சாமந்தி. வண்டி வேடிக்கை என்று ஒன்று உண்டு. அலங்கரித்த வண்டிகளில் சிவனாகவும் கண்ணனாகவும் வேடம் புனைந்து ஆட்கள் இரவெல்லாம் ஊர்வலம் வருவர். அந்த வண்டிக்குப் பூ, வாசற்படிக்குப் பூ, வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஒரு முழம் பூ! அதே தெருவில், அதே வீட்டில், பதினேழு ஆண்டுகளாகப் பூவின் நிழலும் படாத தலை ஒன்று உண்டு. அது நம் அத்தையின் தலை.

அத்தை, நம் தந்தையாருக்கு மூத்தவர். நாம் மூன்றாம் வகுப்பில் படித்தபோது மாமா மறைந்தார். ஒரு தகரப் பெட்டியோடு நம் வீட்டுக்கு வந்த அத்தை, பின்புறத் தாழ்வாரத்தில் ஒரு மூலையைத் தமதாக்கிக்கொண்டார். வீட்டுக்கு வீடு வெள்ளிக்கொலுசு வேலை நடக்கும் பகுதி நம்முடையது. நெருப்பின் முன் குனிந்து, வளையத்தோடு வளையம் சேர்த்து, மணி வைத்துப் பற்றவைத்து, யார் யார் வீட்டு மணப்பெண்ணுக்கோ அத்தை கொலுசு செய்வார். அந்தக் கொலுசு ஏறும் மணமேடைக்குப் பக்கத்தில் அத்தை போகலாகாது. கோயிலுக்குள் அவரை யாரும் தடுப்பதில்லை. குங்குமத் தட்டு மட்டும் அவரைத் தாண்டி அடுத்தவரிடம் போய்விடும். செய்த பொருள் மங்கலம், செய்த கை அமங்கலம்! இந்தக் கணக்கை எந்தப் பள்ளியில் கற்றார்களோ, கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நமக்கே விளங்கவில்லை.

திருவிழாவுக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். ஊரே கோயிலுக்குப் போகட்டும், நாம் ஏற்காட்டுப் பூங்காவுக்குப் போவோம் என்றோம். அண்ணன் மகள், ஆறு வயதுக்காரி, முதலில் துள்ளினாள். “நல்ல நாளும் அதுவுமாய்…” என்று அம்மா இழுத்தார். அத்தையோ, “நான் வீட்டைப் பார்த்துக்கிறேன் கண்ணு, நீங்க போயிட்டு வாங்க” என்றார். பேசியது அத்தையல்ல, பதினேழாண்டுப் பழக்கம்.

“வீட்டைப் பூட்டு பார்த்துக்கொள்ளும், அத்தை. நீங்கள் புறப்படுங்கள்” என்றோம்.

சேலத்திலிருந்து மலையேறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. ஒவ்வொன்றையும் குழந்தை எண்ண, அத்தையும் உடன் எண்ணிக்கொண்டே வந்தார். பத்தாவது வளைவுக்குமேல் காற்று குளிர்ந்தது. பன்னிரண்டில் அம்மாவுக்குத் தலை சுற்றியது. அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தச் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்டவர் காக்பர்ன் என்னும் வெள்ளைக்காரக் கலெக்டர், 1820களில் நடந்தது. அந்நாளில் மலைக்குளிரும் மலர்த்தோட்டமும் துரைமார்க்கு. சுமை தூக்கியது நம்மவர்.

ஏரிக்கருகே அண்ணா பூங்கா. சற்று முன் பெய்த மழையில் புல்வெளி நனைந்து கிடந்தது. கல் இருக்கையொன்றைக் காட்டி அமரச் சொன்னோம். அத்தை அமரவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: “இங்கே நான் உட்காரலாமா கண்ணு? யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்களா?”

என்ன விடை சொல்வது? கல்யாண வீடுகளில் அடுக்களைப் பக்கமே அவருக்கு இடம். முன்வரிசை எது, பின்வரிசை எது என்று ஆராயாத ஓர் இருக்கையை அவர் கண்டதில்லை. “பொது” என்னும் சொல் நமக்கு எளிதாய் வாயில் வருகிறது. அது எளிதாய் வந்த சொல்லன்று. சென்னையில் ஆளுநர் டிரெவெலியன் முயற்சியால் மக்கள் பூங்கா தோன்றியது 1859 இல். அதற்கு அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும், பொதுச் சாலையும் பொதுக் கிணறும் பொது இடங்களும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று ரெட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. அது 1924; நீதிக்கட்சியின் பனகல் அரசர் ஆட்சிக்காலம். அதே ஆண்டில்தான், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் மனிதர் நடப்பதற்காகப் பெரியார் வைக்கத்தில் சிறை புகுந்தார். பனகல் அரசர் பெயரைச் சென்னைத் தியாகராய நகரில் ஒரு பூங்கா தாங்கி நிற்பதைக் காணும்போதெல்லாம், சிலையைவிடப் பூங்காவே அவருக்குப் பொருத்தம் என்று எண்ணுவோம். இங்கோ அண்ணா பூங்கா. இவ்வளவையும் அத்தையிடம் அப்போது சொல்லவில்லை. கைக்குட்டையால் ஈரத்தைத் துடைத்து, “இது எல்லாருடையதும், அத்தை” என்றோம். அமர்ந்தார், முதலில் விளிம்பில், பிறகு நன்றாகவே.

பிற்பகலில், இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை 1963 இல் அமைத்த ஆர்க்கிட் தோட்டத்துக்குச் சென்றோம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அத்தை. பெயர்ப்பலகை கண்ட இடமெல்லாம் நின்று, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். மரத்துண்டில் ஒட்டிக்கொண்டு, வேரைக் காற்றில் தொங்கவிட்டிருந்த செடியைக் கண்டதும், “இதென்ன, புல்லுருவியா?” என்றார். இல்லை என்றோம். புல்லுருவி தன் வேரை மரத்துக்குள் செலுத்தி உறிஞ்சும். ஆர்க்கிடில் பல வகைகள் மரத்தின்மேல் இருக்கும், மரத்தின் சாற்றைத் தொடா. மழைநீரும் காற்றின் ஈரமும் பட்டை இடுக்கில் சேரும் மக்கும் போதும். தன் உணவைத் தன் பச்சை இலையிலேயே சமைத்துக்கொள்ளும். மரம் தருவது நிற்க இடம் மட்டுமே.

அத்தை அந்தச் செடியை நெடுநேரம் பார்த்தார். “நானும் உங்க வீட்டில இப்படித்தான் இருக்கேன்” என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ‘ஒண்டி வந்தவள்’ என்னும் சொல் நம் வீட்டில் எத்தனை முறை ஒலித்திருக்கிறது என்பதை அம்மா அறிவார், நாமும் அறிவோம்.

பேருந்துக்கு நேரமிருந்ததால் மீண்டும் அண்ணா பூங்காவுக்கு வந்தோம். பாதையைப் பெருக்கிக்கொண்டிருந்த பணியாள் அம்மையார் ஒருவர், மழையில் காம்போடு முறிந்து விழுந்த ரோஜா ஒன்றை எடுத்து அத்தையிடம் நீட்டினார். “பறிச்சதில்லைக்கா, தானா விழுந்தது. வெச்சுக்குங்க.” அத்தையின் நெற்றியை அவர் ஆராயவில்லை, கணவர் இருக்கிறாரா என்று வினவவில்லை. பூ இருந்தது, கொடுத்தார்.

நமக்குச் சுருக்கென்றது. கல்லூரியில் கைம்மைக் கொடுமை பற்றிப் பேசிப் பரிசு பெற்றவர் நாம். 1856 இல் வந்த மறுமணச் சட்டத்தையும், 1929 செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டுத் தீர்மானங்களையும் மேடையில் ஒப்பிக்கத் தெரியும். நீதிக்கட்சி திராவிடர் கழகமாய்ப் பெயர் பூண்ட 1944 மாநாடு நம் சேலத்தில் கூடியது என்று மார்தட்டவும் தெரியும். பதினேழு ஆண்டுகளில் அத்தைக்கென்று ஒரு முழம் பூ வாங்கிவர மட்டும் தெரியவில்லையே! வேலைக்குச் சேர்ந்த முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்கு மல்லிகை வாங்கினோம். அத்தைக்குப் பழம் வாங்கினோம். பழம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எவரும் இல்லை. கை தானாகவே பழக்கூடைக்குப் போயிற்று. அய்யரைப் பழித்தோம், சாத்திரத்தைப் பழித்தோம். நம் கையில் ஊறிக்கிடந்த சாத்திரத்தைக் கண்டோமில்லை.

அத்தை பூவோடு அம்மாவைப் பார்த்தார். அம்மா ஏரியைப் பார்த்தார். இடையில் குழந்தை இருக்கைமேல் ஏறி, அந்த ரோஜாவை வாங்கி அத்தையின் கொண்டையில் செருகிவிட்டாள். எடுக்கப்போன அத்தையின் கை பாதியில் நின்றது. பிறகு மடிக்கு வந்துவிட்டது.

“கோணலா இருக்கு, அண்ணி” என்று அம்மா எழுந்துவந்து நேராக வைத்தார். வேறொன்றும் பேசவில்லை.

மலையிறங்கிச் சேலம் வரையில் பூ கொண்டையில் இருந்தது. செவ்வாய்ப்பேட்டைத் தெருமுனையில், மேளச் சத்தம் கேட்டதும், அத்தை அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். எதிரே உறவினர் சிலர் வந்துகொண்டிருந்தனர். நாம் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தும் தகுதி அன்று நமக்கு இல்லை.

மறுநாள் காலை, கொலுசு வேலை செய்யும் மூலையில், நெருப்பின் சூடு படாத தூரத்தில், ஒரு தம்ளர் தண்ணீரில் அந்த ரோஜா நின்றது. அத்தை தலை நிமிராமலே கேட்டார்: “மேட்டூர் அணைக்கிட்ட ஒரு பூங்கா இருக்காமே, அங்கே போக பஸ்ஸுக்கு எவ்வளவு ஆகும் கண்ணு?”

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: “எனக்கும் சேர்த்துச் சொல்லு.”